போடாமல் விட்ட போர்

சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் வீட்டுக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பல் துலக்கிக்கொண்டிருந்த நான் வாயில் நுரையோடு மாடிக்கு ஓடித் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் செம்பழுப்பாகக் கொஞ்சம் வண்டல்தான் இருந்தது. கீழே வந்து மோட்டாரைப் போட்டேன். ஓடியது, ஆனால் வழக்கமான கனத்த சத்தம் இல்லை. உள்ளே இருப்பது காற்று என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டு, ஆத்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடத்தில் ஒரு செம்பு மொண்டு வாயைக் கொப்பளித்தேன்.

வேறு எவர் வீட்டில் நடந்திருந்தாலும் இதில் பெரிய செய்தி இல்லை. நான் இருபத்தாறு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை பார்த்தவன். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவேன். வட மாநிலங்களில் பெயர் வாயில் நுழையாத ஊர்களில் எல்லாம் துளை போட்டிருக்கிறேன். ராடு பாறையில் இறங்கும் சத்தத்தை வைத்தே அடியில் என்ன கல் என்று சொல்வேன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். வீடு கட்டியபோது இந்தப் போரையும் நானே நின்று போட்டேன். நானூற்று முப்பது அடி. நல்ல ஊற்று. அன்றைக்கு வேலை பார்த்தவர்கள் எல்லாம் சேற்றுத் தண்ணீரில் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

அன்று காலையே கூட்டாளிக்குப் போன் செய்தேன். ஒரே வண்டியில் பல வருடம் சேர்ந்து சோறு தின்றவர்கள் நாங்கள். இப்போது அவன் இரண்டு வண்டிகளுக்கு மேனேஜர்.

"உன்ற ஊட்லயேவா மாப்ள?" என்று சிரித்தான். "வியாழக்கிழம வண்டி சும்மாதான் நிக்குது. அனுப்பி உடறேன். ஆயிரம் அடி எறக்கிரு. அதுக்கப்பறம் உன்ற ஆயுசுக்கும் கவலையில்ல."

அது திங்கட்கிழமை. நான் தெம்பாகிவிட்டேன். வீட்டைச் சுற்றி நடந்து இடம் பார்த்தேன். வண்டி உள்ளே வருவதற்கு வழி இருக்கும் ஒரே இடம் கிழக்கு மூலை. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய மூலை அது.

மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன அடிங்க?"

"ஆயிரம்."

"பக்கத்து ஊட்டுக்காரங்க போரு எத்தன அடி இருக்குமுங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பது குமாரபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் அவள் மாவில்தான் விடிகிறது. அரிசி கழுவ, உளுந்து ஊற வைக்க, கிரைண்டர் கழுவ என்று அவள் வேலை முழுக்கத் தண்ணீர்தான். அவள் வீட்டுப் போர் முன்னூற்று இருபது அடி. எங்களுடையதை விட ஆழம் குறைவு, ஆனால் வேறு பாறை வெடிப்பில் ஊற்று இருப்பதால் இன்னும் நிற்கவில்லை. அதற்கு மோட்டார் இறக்கியதும் நான்தான்.

"என்னுங்க, கேட்டதுக்குப் பதிலக் காணமே?"

"முன்னூத்திச் சொச்சம்."

"நாம ஆயிரத்துக்குப் போனா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றேன். பூமிக்கு அடியில் யார் பார்த்தது என்றேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய பதில் அது. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. வண்டியில் இருந்த காலத்தில் ஒருமுறை, ரொம்பக் காய்ந்த ஒரு ஊரில் பெரிய வீடு ஒன்றுக்குப் போர் போட்டோம். ஐநூறு அடிக்கு மேல் போய் மத்தியானத்தில் தண்ணீர் பீறிட்டது. வீட்டுக்காரர்கள் தேங்காய் உடைத்து எங்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள். மறுநாள் ராடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்த அடிபம்பில் ஒரு ஆள் அடித்துக்கொண்டிருந்தான். அடித்துக்கொண்டே இருந்தான். வெறும் காற்றின் சத்தம்தான் வந்தது. முந்தின நாள் காலையில் நாங்கள் முகம் கழுவியதே அந்தப் பம்பில்தான். அவன் சண்டைக்கு வரவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு எங்கள் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கள் வேலை துளை போடுவது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த ஊருக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

சாப்பிட்ட தட்டில் கை காய்ந்துபோகும் வரை உட்கார்ந்து அதை என் மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு மாசம் தள்ளி வெய்யுங்க. ஒரு மாசம் சமாளிச்சுப் பாக்கலாம். முடியலீன்னா அப்பறம் யோசிக்கலாம்."

"எப்புடிச் சமாளிப்ப? வாரத்துக்கு ஒருக்கா வர்ற ஆத்துத் தண்ணி குடிக்கறதுக்கும் சோறாக்கறதுக்குமே பத்தாது."

"நம்ம போர்ல சுத்தமா ஒண்ணுமே இல்லீங்களா?"

ஒரு டிரில்லரைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வற்றியது என்று நாம் சொல்கிற போர் பலவும் முழுதாக வற்றியிருக்காது. ஊற்று மெலிந்திருக்கும். விட்டு விட்டு எடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். நாம்தான் தொட்டி நிறையும் வரை மோட்டாரை ஓட விடுகிறோம். அன்று வெயில் தாழ, பொழுதோட மறுபடி மோட்டாரைப் போட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது நிமிடம் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு காற்று.

ஒன்பது நிமிடம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இரண்டு பேருக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டியதுதான். கூட்டாளிக்குப் போன் செய்து வண்டியை வேறு பார்ட்டிக்கு அனுப்பிவிடச் சொன்னேன். "தண்ணியில்லாம தாடி வளத்தப் போறயா?" என்றான். ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வியாழக்கிழமை வண்டி வரவில்லை.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒன்பது நிமிடத் தண்ணீர் பகல் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துவிடும். மாலை வரை கை கழுவக்கூடக் குடத்தை எதிர்பார்க்க வேண்டும். எங்கே போகிறது இவ்வளவு தண்ணீரும் என்று எனக்குப் புரியவே இல்லை. இரண்டே பேர். பெரிதாகத் துணிகூட இல்லை. அவள் நிறையச் செலவு செய்கிறாள் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. ஒருநாள் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா? காத்தால எந்திரிச்சதும் வாசலுக்கு, ரோட்டுக்கு, வண்டிக்குன்னு ஓஸ் பைப்புல அடிச்சு உடறது ஆருங்க?"

வேலையை விட்டு வந்ததிலிருந்து எனக்கு அது ஒரு பழக்கம். விடிந்ததும் குழாயில் ஓஸ் பைப்பை மாட்டி வாசலைக் கழுவுவேன். தெருவில் புழுதி அடங்கட்டும் என்று எதிர்வீடு வரைக்கும் அடிப்பேன். பிறகு மோட்டார் சைக்கிள். இருபத்தாறு வருடம் தூசியில் கிடந்த உடம்புக்கு அந்தச் சாரல் பட்டால் சுகமாக இருக்கும். அதை யாரும் தப்பாகப் பார்த்ததில்லை. சுத்தமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். அன்றே ஓஸ் பைப்பைச் சுருட்டிப் பரணில் போட்டேன். வண்டியை ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். ஒரு வாளி கூட ஆகவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. போரில் ஊற்று எங்கே என்று தேடிய மாதிரி வீட்டில் ஒழுக்கு எங்கே என்று தேடினேன். கக்கூஸ் தொட்டியில் சொட்டு நீலம் விட்டுப் பார்க்கலாம் என்று செல்போனில் ஒரு படத்தில் பார்த்தேன். நான்கு சொட்டு விட்டு, அரைமணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே காத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பீங்கானில் நீலமாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லாமல், நூல் மாதிரி. உள்ளே ரப்பர் தேய்ந்திருந்தது. எத்தனை மாதமாக இரவும் பகலும் அப்படிப் போய்க்கொண்டிருந்ததோ. ரப்பரை மாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. மறுபடி நீலம் விட்டேன். வெள்ளையாகவே இருந்தது. மனைவியை "ஏ, இங்க வா, இங்க வா!" என்று கூப்பிட்டு, கக்கூஸைக் காட்டி மகிழ்ந்த முதல் ஆள் இந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். அதன் பின்னாலிருந்து ஒரு சின்னக் குழாய் நேராகக் கழிவில் போகும். அதை எடுத்து ஒரு வாளிக்குள் விட்டேன். ஒரு குடம் குடிதண்ணீர் வருவதற்குள் வாளி நிரம்பி வழிந்தது. உப்பு ஏறிய தண்ணீர், செடிக்கு ஆகாது. வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற அதுவே போதுமானதாக இருந்தது. அவளும் தன் பங்குக்கு மாறினாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு மூன்று அகலப் போசிகளில் தண்ணீர் வைத்துக்கொண்டாள். முதல் போசியில் தேய்த்துப் போட்டு, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் முக்கி எடுப்பாள். கடைசிப் போசித் தண்ணீர் மறுநாள் முதல் போசியாகிவிடும். துவைக்கும் மெஷின் கடைசியாக அலசிவிடும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்தோம். சோப்புத் தூளைப் பாதியாகக் குறைத்தும் துணி அதே வெளுப்பாகத்தான் இருந்தது. காய் கழுவிய தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் கொல்லையில் இருக்கும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போயின. செடிகளைச் சுற்றித் தேங்காய் மட்டையை உரித்துப் பரப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றினாலே மண் ஈரமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை மாலை மோட்டார் போட மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தேன். காலையில் ஏற்றிய தண்ணீர் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது. போரில் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. அதே ஒன்பது நிமிடம்தான். எங்கள் தேவைதான் இறங்கி வந்து அந்த ஒன்பது நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. மாடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். கீழே போனதும் அவளிடம் சொன்னேன்.

"அப்ப வண்டிக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிப்போடலாங்களா?"

"மாசம் முடியட்டும்," என்றேன். அப்போதும் எனக்கு முழுத் தைரியம் வரவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள்தான் அது நடந்தது.

ஒரு காலை, நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக வந்தாள். கையெல்லாம் மாவு. கண் சிவந்திருந்தது.

"அண்ணா, எனக்கும் நின்னுபோச்சுங்கண்ணா. உங்குளுக்கு நின்ன மாதிரியே நின்னுபோச்சு. நேத்து ராத்திரி ஊற வெச்ச அரிசி பத்துப் படி அப்புடியே கெடக்குது. கழுவத் தண்ணியில்ல. நான் என்னத்தப் பண்ணுவேன்? அவரும் ஊர்ல இல்லீங்களே."

என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அழுவாத சாமி, மொதல்ல எங்கூட்டுத் தண்ணிய எடுத்துட்டுப் போயி அரிசியக் கழுவு. டிரம்முல இருக்கறதெல்லாம் வேண்டாம், தொட்டித் தண்ணி இருக்குது."

எங்கள் தொட்டியில் பிறருக்குக் கொடுக்கத் தண்ணீர் இருந்தது. அதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். இந்தப் பகுதியில் ஊற்றே செத்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

சுவிட்சைப் போடச் சொன்னேன். போட்டாள். பெட்டியில் முள் ஏறியது. ஆனால் அடியில் மோட்டார் ஓடவில்லை. உம்மென்று ஒரு முனகல் மட்டும். நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு முறை போடச் சொன்னேன். அதே முனகல். தண்ணீர் இல்லாத போரில் மோட்டார் சும்மா லேசாகச் சுற்றும். இது சுற்றவே இல்லை.

மெயினை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த கண்டன்சர், மோட்டாருக்கு முதல் உந்துதல் கொடுக்கிற சின்ன உருளை, வயிறு வீங்கிப்போய் ஒரு பக்கம் வெடித்திருந்தது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

எலெக்ட்ரிக் கடைக்குப் போய் அதே அளவில் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். "இப்பப் போடு சாமி," என்றேன். மோட்டார் பிடித்துக்கொண்டது. குழாயில் முதலில் காற்று சீறியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு கக்கல். பிறகு தண்ணீர், கை கனத்துக்கு, நிற்காமல்.

அவள் அதைக் கையில் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டாள். மாவும் கண்ணீரும் தண்ணீரும் எல்லாம் சேர்ந்து வழிந்தது. "கோடிப் புண்ணியமுங்கண்ணா," என்றாள். நான் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கூடவே வந்திருந்த என் மனைவி பயந்துபோய் அருகில் வந்தாள்.

"ஏனுங்க, முதுகு வலிக்குதுங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். என் மனசில் ஓடியது இதுதான். அந்த வியாழக்கிழமை வண்டி வந்து, அந்த மூலையில் ஆயிரம் அடி இறக்கியிருந்தால், இன்றைக்கு இந்தப் பெண் மாவுக் கையோடு ஓடி வந்திருக்க மாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருப்பாள். தன் தண்ணீரை நான்தான் உறிஞ்சிவிட்டேன் என்று நம்பியிருப்பாள். நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட எனக்குத் தோன்றியிருக்காது. போகும் வழி வரும் வழியெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருப்பேன். ஒரு வெடித்த கண்டன்சருக்காக, செய்யாத குற்றத்தைச் செய்ததாக நினைத்தே என் மிச்சக் காலம் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னபோது, அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "தப்பிச்சமுங்க," என்றாள். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே தரையில் படுத்து, பொழுது சாயும் வரை தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து தூங்கியதில்லை.

மறுநாள் கூட்டாளிக்குப் போன் செய்து போர் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன்.

பிறகு மழைத் தண்ணீர். எங்கள் தெருவில் எல்லா வீட்டு மாடியிலிருந்தும் ஒரு குழாய் இறங்கும். மழைநீர் சேமிக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் எல்லோரும் வைத்தது. முக்கால்வாசி வீட்டில் அந்தக் குழாய் நேராகச் சாக்கடையில்தான் முடியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் போர் போட்டவன் வீட்டிலேயே அந்தக் கதை.

"நேரா போருக்குள்ளயே திருப்பி உடு மாப்ள," என்றான் கூட்டாளி. அது நான் செய்ய மாட்டேன். மாடியில் புறா எச்சம் இருக்கும், இலை இருக்கும், புழுதி இருக்கும். அதெல்லாம் உள்ளே போனால் தண்ணீர் கெடும். ஊற்றுக் கண்ணும் அடைந்துபோகும். போருக்குப் பக்கத்தில் மூன்றடிக்கு மூன்றடியில், ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்தேன். என் முதுகுக்கு ஒரு நாளைக்கு அரையடிக்கு மேல் முடியாது. அடியில் பெரிய கல், அதற்கு மேல் ஜல்லி, மேலே மணல். முதல் மழை அழுக்கை வெளியே விடுவதற்குக் குழாயின் அடியில் ஒரு மூடி.

குழியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிக் கேட்டாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி வர இருந்தது, நிறுத்தியது, எல்லாம். அவள் சுவரில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டாள்.

"போட்டிருந்தீங்கன்னா உங்களாலதான்னு நெனச்சிருப்பேனுங்கண்ணா. அக்காகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசியிருக்க மாட்டேன்," என்றாள். பிறகு, "எங்கூட்டு மாடித் தண்ணியையும் அதுலயே உட்டுக்கலாங்களா?" என்று கேட்டாள். இரண்டு மாடியின் குழாயையும் அந்தக் குழிக்குக் கொண்டுவந்தோம். அரிசி கழுவிய தண்ணீரை அவள் சாக்கடையில் ஊற்றுவது அன்றோடு நின்றது. ஒரு வாளி எங்கள் வாழைக்கு, ஒரு வாளி அவள் வீட்டு முருங்கைக்கு.

வைகாசிக் கடைசியில் ஒரு பொழுதோட சங்ககிரிப் பக்கமிருந்து காற்று கிளம்பி, கோடை மழை கொட்டியது. நான் நனைந்துகொண்டே போய் முதல் தண்ணீரை வெளியே விட்டு, மூடியைப் போட்டேன். குழி நிறைந்தது. அப்படியே நின்றது. மழை விட்ட பிறகும் நின்றது. இறங்கவே இல்லை. கொசு வந்துவிடும், சுவர் இற்றுவிடும் என்று எனக்குக் கவலை. இத்தனை நாள் தோண்டியது வீணா?

விடிந்ததும் தண்ணீரை மொண்டு வாழைக்கு ஊற்றிவிட்டு, கல்லையும் ஜல்லியையும் மறுபடி வெளியே எடுத்தேன். அடியில் கடப்பாரையைப் போட்டால் ணங்கென்றது. சாம்பல் நிறத்தில், சிமென்ட் மாதிரி ஒரு படை. கொஞ்சம் பெயர்த்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். பாறை மாவு. எங்கள் போரைப் போட்ட அன்று வெளியே வந்த மாவு சேறாகி, அங்கிருந்த பள்ளத்தில் தேங்கி, காய்ந்து இறுகிக் கிடக்கிறது. அதன் மேல் மண் கொட்டி மேடாக்கியது நான்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு லாரிக்காரர் அன்று ஊரில் இருந்தார். வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்கண்ணா," என்று சொல்லி, அரைமணியில் அதை உடைத்துப் போட்டார். அதற்குக் கீழே செம்மண் சரளை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். கண்ணெதிரில் குடித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு வாளி ஊற்றினோம். அதுவும் போனது.

ஆவணி, புரட்டாசியில் நல்ல மழை. பெய்த தண்ணீர் எல்லாம் குழியில் சுழித்து இறங்கியது. மோட்டார் பதினோரு நிமிடம் ஓடியது, பிறகு பதினான்கு. மழை நிறையப் பெய்த வருடம் என்பதால் கூடியதா, குழியினால் கூடியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பூமிக்கு அடியில் யார் பார்த்தது. இந்த முறை அந்தப் பதிலைச் சொல்லும்போது மனசு கனக்கவில்லை.

தீபாவளிக்கு வாழப்பாடியிலிருந்து எங்கள் மகள் வருவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை, இரண்டு பேத்திகள், மாப்பிள்ளையின் அம்மா. நாங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏழு பேர், நான்கு நாள். போனை வைத்துவிட்டு என் மனைவி விசனப்பட ஆரம்பித்தாள்.

"ஒறம்பரையா வந்தவங்ககிட்டப் போயித் தண்ணிய அளந்து ஊத்துங்கன்னு சொல்ல முடியுங்களா? சம்மந்தி என்ன நெனப்பாங்க?"

"பத்தலீன்னா ஒரு வண்டித் தண்ணி வாங்கிக்கலாம்," என்றேன். சொன்னேனே தவிர, அவர்கள் வருவதற்கு முந்தின நாள் நான்கு முறை மாடி ஏறித் தொட்டியைப் பார்த்தேன்.

வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். பேத்திகள் வாசலில் மத்தாப்புக் கொளுத்தி, கருகிய கம்பிகளை முக்குவதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் கேட்டார்கள். துவைக்கிற டிரம்மிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பலகாரச் சட்டிகள் மலை மாதிரி விழுந்தன. சம்பந்தியம்மா மூன்று போசியைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். என் மனைவி கூச்சத்தோடு சொன்னாள். "பரவாயில்லையே, எங்க ஊர்லயும் இந்த வருசம் கோடையில கிணறெல்லாம் தரை தட்டிப்போச்சு. நானும் போனதும் இப்படித்தான் வைக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு இரண்டாவது போசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். காலையும் மாலையும் நான் மோட்டாரைப் போட்டு வாட்சைப் பார்த்தேன். மூன்றாம் நாள் வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு வேளைகூடக் குழாய் இருமவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். வீடு ஓய்ந்து கிடந்தது. மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பாதிக்கு மேல் இருக்கிறது என்று சொன்னேன். என் மனைவி சேரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாலு நாளா நானு சரியாவே தண்ணி வாத்துக்கலீங்க. இன்னிக்கி ரண்டு வாளி எச்சா ஊத்திக்கட்டுங்களா?"

"ஊத்திக்க. எத்தன வேணுமோ ஊத்திக்க," என்றேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாளி நிறையும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.